இரண்டு மடங்கு கூலி: சதாராவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வரலாறு

ஒரு குடும்பம் ஓர் ஊரில் குடியேறிவிட்டது என்று எப்போது சொல்கிறோம்? வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டால் போதுமா? பாத்திரம் பண்டங்களை இறக்கி வைத்து, பால் காய்ச்சிவிட்டால் போதுமா? யோசித்துப் பார்த்தால் அது வெறும் தொடக்கம்தான். குடிக்கத் தண்ணீர் எடுக்க ஓர் இடம் வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்க ஒரு பள்ளி வேண்டும். துணி வெளுத்துத் தர ஒருவர், முடி வெட்டிவிட ஒருவர், அவசரத்துக்கு ஏற வண்டியோடு ஒருவர் வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் பார்க்க ஒருவர் வேண்டும். இத்தனை பேரும் நம்மை அந்த ஊர்க்காரராக நடத்தத் தொடங்கும் அன்றுதான் நாம் அங்கே குடியேறியிருக்கிறோம்.

'இதெல்லாம் காசிருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது, ஆகவே சிக்கல் வறுமைதான்' என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். நம் கல்லூரி நண்பர்களில் சிலரும் இதை உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்களோடு பேச நமக்கு ஒரு குடும்பத்தின் வரலாறு உதவும். அந்தக் குடும்பத்துக்கு ஓய்வூதியம் இருந்தது. அரசு வேலை இருந்தது. வீட்டில் படிப்பு இருந்தது. ராணுவப் பதவியின் மதிப்பும் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு சிறு நகரத்தில் அதனால் முழுமையாகக் குடியேற முடியவில்லை. சுபேதார் ராம்ஜி சக்பாலின் குடும்பம் அது. அந்த வீட்டின் கடைசிப் பிள்ளையை உலகம் டாக்டர் அம்பேத்கர் என்று அறியும்.

இந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு மாட்டுவண்டிப் பயணத்தை மட்டும் நாம் மேடைகளில் பலமுறை கேட்டிருப்போம். அந்தப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அந்த வீடு எப்படி நடந்தது என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை. இங்கே அதைப் பேசுவோம்.

முகாமிலிருந்து ஊருக்கு

ராம்ஜியின் தந்தை மாலோஜி சக்பால் ராணுவத்தில் இருந்தவர். ராம்ஜியும் ராணுவத்தில் சேர்ந்து சுபேதார் பதவி வரை உயர்ந்தார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். அவருடைய மனைவி பீமாபாயும் ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரின் சொந்தப் பகுதி மகாராஷ்டிரத்தின் கொங்கண் பக்கம் என்றாலும், அவர்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி ராணுவம் அனுப்பிய இடங்களில்தான் கழிந்தது. 1891 ஏப்ரல் 14 அன்று அவர்களுடைய 14-ஆவது குழந்தை பிறந்ததும் அப்படியோர் இடத்தில்தான்: மத்திய இந்தியாவின் மாவ் ராணுவ முகாம்.

ராணுவ முகாமில் சாதி இல்லாமல் இல்லை. ஆனால் முகாமுக்குள் ஓர் ஆளின் இடத்தை முடிவு செய்வதில் சம்பளப் பட்டியலுக்கும் பதவிக்கும் பங்கு இருந்தது. குடியிருப்பை ராணுவம் கொடுத்தது. ராணுவப் பிள்ளைகளுக்கென்று பள்ளி இருந்தது. கிராமத்தில் மகர் என்றால் ஊர்க்காவல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல், கூப்பிட்ட குரலுக்கு ஓடுதல் என்று விதிக்கப்பட்டிருந்த காலத்தில், முகாமில் அதே மகர் சீருடை அணிந்து, கணக்கெழுதி, வகுப்பெடுத்து வாழ முடிந்தது. பம்பாய் மாகாணத்தின் தலித் மக்களிடையே முதல் தலைமுறைப் படிப்பாளிகளில் பலர் ராணுவத்தின் வழியாக வந்ததற்கு இதுவே காரணம்.

அந்த வாசலும் 1890-களின் தொடக்கத்தில் அடைபட்டது. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற ஒரு கோட்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. பல தலைமுறைகளாக ராணுவத்தை நம்பியிருந்த மக்களுக்கு இது பேரிடி. ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து மனு எழுதினார். ராம்ஜியும் இந்தத் தடையை நீக்கவைக்கும் முயற்சியில் இறங்கினார். பலன் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ராம்ஜி ஓய்வுபெற்று, பிள்ளைகுட்டிகளோடு முகாமை விட்டு வெளியே வருகிறார்.

இதை நாம் மறந்துவிடக் கூடாது. தன் காலத்தில் தனக்கு வழிகாட்டிய வாசல் தன் பிள்ளைகளுக்கு மூடப்பட்டுவிட்டது என்று தெரிந்த ஒரு தகப்பன் ஊர் தேடுகிறார். அவர் கையில் மிச்சமிருந்த ஒரே சாவி பள்ளிக்கூடம்.

தபோலியில் திண்ணை

முதலில் அவர்கள் போன இடம் கொங்கணில் உள்ள தபோலி. சொந்த ஊரான அம்பாவடேவுக்குப் பக்கம். ராணுவத்தில் ஓய்வுபெற்றவர்கள் பலர் வந்து தங்கிய சிறு நகரம். வலங்கரும் அங்கே தங்கியிருந்தவர்தான். ஆகவே ராம்ஜியின் தேர்வில் வியப்பில்லை. தெரிந்த முகங்கள், தன்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள், பக்கத்திலேயே சொந்த மண். குடியேறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆனால் அந்தத் தபோலியில்தான் ஓய்வுபெற்ற மகர், சம்பார் சிப்பாய்கள் தங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கக் கோரி மனு மேல் மனுவாகப் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் விளைவாகப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் வகுப்பறைக்கு வெளியே, பள்ளியின் திண்ணை. அரசுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்களின் பிள்ளைகளுக்கு அரசின் பள்ளியில் ஒரு கூரை விளிம்பு.

ராம்ஜியின் குடும்பம் தபோலியில் நீண்ட நாள் இருக்கவில்லை. அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு போன தந்தை பிறகு மனம் மாறினார் என்று மட்டும் அம்பேத்கர் பின்னாளில் குறிப்பிடுகிறார். ராம்ஜிக்குச் சதாராவில் பொதுப்பணித் துறையில் பண்டகக் காப்பாளர் வேலை கிடைத்தது. குடும்பம் சதாராவுக்கு நகர்ந்தது.

காசு இருந்தும்

சதாரா ஒரு குக்கிராமம் அல்ல. மராட்டிய அரசின் தலைநகராக இருந்த ஊர். பிரிட்டிஷ் காலத்தில் மாவட்டத் தலைநகர். நீதிமன்றம், உயர்நிலைப் பள்ளி, அரசு அலுவலகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. 'கிராமத்தில்தான் சாதி, டவுனுக்கு வந்துவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 1890-களின் சதாரா அதற்கு என்ன பதில் சொன்னது என்று பார்ப்போம்.

வந்த கொஞ்ச காலத்திலேயே, 1896-இல், பீமாபாய் இறந்துபோனார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. ராம்ஜியின் சகோதரி மீராபாய் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தார். உடலால் முடியாதவர் அவர். குள்ளமான உருவம், காலில் கோளாறு, பல நேரங்களில் ஒருவர் தூக்கிவிட வேண்டும். ஆனால் தான் அறிந்தவர்களில் இவரைவிட அன்பான மனிதர் இல்லை என்று அம்பேத்கர் அவரை நினைவுகூர்கிறார்.

தாயில்லாத வீடு, முடியாத அத்தை, வேலைக்குப் போகும் தகப்பன். இப்படி ஒரு குடும்பம் என்ன செய்யும்? வீட்டு வேலையில் முடிந்ததை வெளியே கூலி கொடுத்துச் செய்துகொள்ளும். துணியை வெளுக்கப் போடும். பிள்ளைகளை முடி வெட்டிக்கொள்ள அனுப்பும். அதற்கான காசு அந்த வீட்டில் இருந்தது. அந்தத் தொழிலைச் செய்பவர்கள் சதாராவில் இருந்தார்கள். ஆனால் தீண்டத்தகாதவர் என்று சொல்லப்பட்டவரின் துணியைத் தொட ஒரு சலவைத் தொழிலாளியும் வரவில்லை. அவர்கள் தலையில் கத்தி வைக்க ஒரு முடிதிருத்துபவரும் வரவில்லை.

'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளை அம்பேத்கர் 1935-36 வாக்கில் எழுதினார். இந்த இரண்டு செய்திகளையும் அதில் சொல்லும்போது, ஊரில் ஆள் இல்லை என்பதோ வீட்டில் காசு இல்லை என்பதோ காரணமல்ல என்று அவர் வேலைமெனக்கெட்டு எடுத்துச் சொல்கிறார். வாசிப்பவர்கள் வறுமை என்று நினைத்து நழுவிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

பள்ளியிலும் அதே நிலைதான். 1900 நவம்பர் 7 அன்று சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியின் பதிவேட்டில் 'பீவா ராம்ஜி அம்பேத்கர்' என்ற பெயர் ஏறியது. இன்றைக்குப் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி என்று அழைக்கப்படும் பள்ளி அது. மகாராஷ்டிர அரசு அந்த நாளை 2017 முதல் மாணவர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயராக்குவது அந்தப் பகுதி வழக்கம். வேரோடு பெயர்ந்து வந்த ஒரு குடும்பம், விட்டுவந்த அம்பாவடேவைப் பெயரில் சுமந்துகொண்டு புதிய ஊரின் பதிவேட்டில் நுழைந்தது.

பெயர் உள்ளே போனது. பையன் மூலையில் உட்கார்ந்தான். அவன் உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மாலையில் அதைத் திருப்பி வீட்டுக்கே எடுத்துவர வேண்டும். ஏனென்றால் பள்ளியைக் கூட்டும் ஆள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். தாகமெடுத்தால் மற்ற பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து குடிக்கலாம். இவனுக்கு ஆசிரியரின் அனுமதி மட்டும் போதாது. பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். சேவகர் இல்லாத நேரத்தில் தண்ணீரும் இல்லை.

அந்த வேலையை யார் செய்தார்கள்?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். சலவைத் தொழிலாளி மறுத்தார், சரி. துணி அழுக்காகவே கிடந்ததா? இல்லை, துவைக்கப்பட்டது. முடிதிருத்துபவர் மறுத்தார். பிள்ளைகளின் தலை பரட்டையாகவே இருந்ததா? இல்லை, முடி வெட்டப்பட்டது. ஊர் செய்ய மறுத்த வேலையை யாரோ செய்திருக்கிறார்கள். யார் அவர்கள்?

பீம்ராவின் அக்காக்கள்தான். துணியெல்லாம் அவர்கள் துவைத்தார்கள். தம்பிகளின் தலையில் பழகிப் பழகியே மூத்த அக்கா தேர்ந்த முடிதிருத்துபவராகிவிட்டார் என்று அம்பேத்கர் எழுதுகிறார். அந்த வரியில் ஒரு மெல்லிய சிரிப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. தாயை இழந்த வீட்டில், ஏற்கெனவே சமையலும் தண்ணீரும் தலையில் விழுந்திருந்த சிறுமிகள், ஊரே சேர்ந்து மறுத்த இரண்டு தொழில்களையும் கூடுதலாகச் செய்தார்கள்.

தீண்டாமையை நாம் பெரும்பாலும் அவமானமாகவே பேசுகிறோம். அது அவமானம்தான். கூடவே அது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடும்கூட. ஒவ்வொரு மறுப்பும் யாரோ ஒருவர் மீது கூடுதல் வேலையாக இறங்குகிறது. வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கூடுதல் வேலை பெண்கள் பக்கம், அதிலும் சிறுமிகள் பக்கம், தானாகச் சாய்ந்துவிடுகிறது. சாதி விதித்த வரியை அந்த வீட்டில் கட்டியவர்கள் அவர்கள். அந்த அக்காக்கள் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருந்தார்கள் என்று யாரும் விழா எடுப்பதில்லை.

பிறகு அக்காக்களுக்குக் கல்யாணமாகி வேறு வேறு ஊர்களுக்குப் போனார்கள். மூத்த அக்கா ஒருவர் இறந்துபோக, அவருடைய இரண்டு மகன்களும் இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். ராம்ஜி பஞ்ச நிவாரண வேலைக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. இப்போது வீட்டில் முடியாத அத்தையும் நான்கு பையன்களும். நான்கு பேரும் பள்ளிக்கும் போனார்கள், சமைக்கவும் செய்தார்கள். ரொட்டி சுட அவர்களுக்கு வரவில்லை. அரிசியையும் கறியையும் ஒன்றாகப் போட்டு ஆக்கும் புலாவ்தான் சுலபம் என்று கண்டுபிடித்து, அதையே தின்று காலம் தள்ளினார்கள்.

மசூரில் நடந்தது

1901 கோடைக் காலம். கடும் பஞ்சத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு வேலை கொடுக்கப் பம்பாய் அரசு கட்டாவ் தாலுகாவில் உள்ள கோரேகாவ் என்ற ஊரில் குளம் வெட்டும் பணியைத் தொடங்கியிருந்தது. (பம்பாய்ப் புறநகரில் இருக்கும் கோரேகாவ் வேறு, பீமா கோரேகாவ் வேறு.) அங்கே காசாளராக இருந்த ராம்ஜியால் பணியிடத்தை விட்டு வர முடியவில்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். புதுச் சட்டை, மினுக்கும் குல்லா, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி என்று தயாரானார்கள். ரயிலில் ஏறி மாலை 5 மணிக்கு மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடுப்பில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, பார்ப்பனக் குழந்தைகள் என்று நினைத்து நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். நாங்கள் மகர்கள் என்று பையன் யோசிக்காமல் சொன்னதும் அவர் முகம் மாறியது. சட்டென்று விலகித் தன் அறைக்குப் போய்விட்டார்.

வெளியே வாடகை வண்டிகள் நின்றன. செய்தி வண்டிக்காரர்களுக்கும் போய்விட்டது. எவரும் ஏற்ற மறுத்தார்கள். இரண்டு மடங்கு கூலி தருகிறோம் என்றபோதும் மறுத்தார்கள். கடைசியில் நிலைய அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியை நீங்களே ஓட்டுவீர்களா என்று பிள்ளைகளைக் கேட்டார். ஓட்டுவோம் என்றார்கள். இரண்டு மடங்கு கூலி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்று பேரம் முடிந்தது.

இந்தப் பேரத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். சேவைக்கு இரண்டு மடங்கு விலை. அந்தச் சேவையையும் வாங்குபவரே செய்துகொள்ள வேண்டும். ஓட்டியது 10 வயதுப் பையனும் அவனோடு வந்த பிள்ளைகளும். உழைத்தது இவர்கள், கூலி வாங்கியது அவர். அன்று மாலை மசூரில் நடந்தது சதாரா வீட்டுக்குள் பல ஆண்டுகளாகத் துவைகல்லிலும் கத்தரிக்கோலிலும் நடந்துகொண்டிருந்த அதே விஷயம். நிலையத்தில் அது ஒரே பேரத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரவெல்லாம் வண்டி போனது. கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. நடுநிசியில் சுங்கச் சாவடியில் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லி, உருதுவில் பேசித் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. பட்டினியோடு படுத்து, மறுநாள் முற்பகலில் கோரேகாவ் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் எழுதிய கடிதத்தைத் தந்தையிடம் கொடுக்க அவருடைய பணியாள் மறந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கடிதம் தவறிப்போவது எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. மற்ற குடும்பத்துக்கு அது அரை மணி நேரத் தாமதம். இந்தக் குடும்பத்துக்கு அது உயிர்ப் பயத்தோடு கழிந்த ஓர் இரவு.

கத்தியைப் பிடித்தவரும் கைதியே

அந்த முடிதிருத்துபவரையும் சலவைத் தொழிலாளியையும் திட்டிவிட்டு நாம் கடந்துபோக முடியாது. அவர்களும் சாதி ஏணியில் மிதிபட்டவர்கள். ஒரு மகரின் தலையில் கத்தி வைத்தார் என்று தெரிந்தால் ஊரின் மேல்சாதி வீடுகள் அவரைக் கூப்பிடாது. அவர் பிழைப்பு அன்றோடு போகும். ஆதிக்கச் சாதியினர் நேரில் வந்து தடுக்கத் தேவையில்லை. பிழைப்பைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தீண்டாமையைக் காக்கும் வேலையை இன்னொரு ஒடுக்கப்பட்டவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நமக்கு இது புதிதல்ல. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் மக்களையே இந்த ஏற்பாடு எல்லோருக்கும் கீழே தள்ளி வைத்ததை நாம் அறிவோம்.

ஆகவே 'நல்ல மனசுள்ள ஒரு முடிதிருத்துபவர் கிடைத்தால் போதும்' என்பது தீர்வாகாது. அந்த நல்ல மனசுக்காரரின் பிழைப்பையும் சட்டமும் அமைப்பும் சேர்ந்து காக்க வேண்டும்.

பம்பாயின் ஒற்றை அறை, பரோடாவின் பூங்கா

1904-இல் குடும்பம் சதாராவை விட்டுப் பம்பாய் போனது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சால் ஒன்றில் ஓர் அறை. அந்த ஒற்றை அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லை. மகன் முதலில் தூங்குவார், தந்தை விழித்திருப்பார். இரவு 2 மணிக்குத் தந்தை மகனைப் படிக்க எழுப்பிவிட்டு அவர் படுப்பார். சதாராவைவிட வசதி குறைந்த வீடுதான். ஆனாலும் அங்கிருந்துதான் மகன் மெட்ரிக் தேறி, கல்லூரி போய், கொலம்பியா பல்கலைக்கழகம் வரை சென்றார்.

அவ்வளவு படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாக வேலை ஏற்கச் சென்ற அவருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். 11-ஆவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து மாலைக்குள் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார். தந்தைக்குச் சதாராவில் பாதி கிடைத்த 'குடியேறுதல்', வெளிநாட்டில் படித்து வந்த மகனுக்குப் பரோடாவில் அந்தப் பாதிகூடக் கிடைக்கவில்லை.

'கடை' என்ற ஒரு சொல்

இனி 1948 நவம்பர் 29-க்கு வருவோம். டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. இன்றைய 15-ஆவது பிரிவு விவாதத்தில் இருக்கிறது. கடைகள், பொது உணவகங்கள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிற பிரிவு அது. 'கடை' என்றால் எது வரைக்கும், மருத்துவர், வழக்கறிஞர் அறைகளும் அதில் அடங்குமா என்று சபையில் கேள்வி எழுந்தது.

வரைவுக் குழுவின் தலைவராக அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இது: கடை என்ற சொல் பொதுவான பொருளில் கையாளப்பட்டிருக்கிறது. விரும்பி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எல்லாம் கடைதான். மருத்துவரும் வழக்கறிஞரும் அதில் வருவார்கள். உள்ளே நுழைய விடுவதோடு அது முடிந்துவிடாது. விலைக்கு ஒத்துக்கொண்டால் சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதற்குள் இருக்கிறது.

நுழைவு மட்டும் போதாது, சேவை வேண்டும். இந்த வேறுபாட்டைச் சட்டப் புத்தகம் படித்து மட்டும் ஒருவர் கண்டுபிடித்துவிட முடியாது. சதாராப் பள்ளிக்குள் அவருக்கு நுழைவு இருந்தது, குழாய் திறக்கவில்லை. சதாரா நகரத்துக்குள் நுழைவு இருந்தது, துணி வெளுக்கவில்லை. மசூர் நிலையத்துக்குள் நுழைவு இருந்தது, வண்டி ஏற்றவில்லை. அக்காக்களின் கைகள் செய்த அத்தனை வேலையும் 'கடை' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருளுக்குள் இருக்கிறது என்றே நாம் வாசிக்கிறோம்.

அந்தப் பொருள் பிறகு தண்டனைச் சட்டத்திலும் ஏறியது. 1955-இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், இன்றைய பெயரில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதையும் சேவை தர மறுப்பதையும் அதன் 6-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. ஒரு பகுதியில் வீடு கட்டுவதையும் குடியிருப்பதையும் தடுப்பது 4-ஆவது பிரிவில் வருகிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் வன்கொடுமையாகச் சேர்த்தது. இவை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. இவற்றை ஊருக்குள் கொண்டுபோக வேண்டிய வேலை நம்முடையது.

நாம் கேட்க வேண்டியவை

இன்று ஒரு சிறு நகரத்துக்கு மாற்றலாகி வரும் தலித் ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக யாரும் சாதியைக் கேட்க மாட்டார்கள். 'சொந்த ஊர் எது? அந்த ஊரில் எந்தத் தெரு? உங்க பெரியவங்க என்ன பண்ணினாங்க? அசைவம் சமைப்பீங்களா?' என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். பிறகு வீடு வேறு யாருக்கோ பேசி முடித்தாயிற்று என்பார்கள். கூடுதல் முன்பணம் கொடுத்து, ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில் அவர்கள் வீடு எடுப்பார்கள். வண்டிக்கூலிக் கணக்கு இன்னும் முடியவில்லை.

எனவே அடுத்த முறை தீண்டாமைக் கணக்கெடுப்புக்கு ஓர் ஊருக்கோ சிறு நகரத்துக்கோ போகும் தோழர்கள், கோயிலையும் தேநீர்க் குவளையையும் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். புதிதாகக் குடியேறிய குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வீடு பிடிக்க எத்தனை நாள் ஆனது, எத்தனை வாசல் ஏறினீர்கள் என்று கேளுங்கள். மற்றவர்களைவிட எதற்கெல்லாம் அதிகம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுத் தொகையை எழுதுங்கள். முடி வெட்ட, துணி தேய்க்க, தண்ணீருக்கு எங்கே போகிறீர்கள், அது எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊர் செய்ய மறுத்த வேலையை உங்கள் வீட்டில் யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டுப் பெரியவர் மட்டும் பதில் சொன்னால் போதாது. உள்ளே இருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அவர்கள் அனுமதியோடு எழுதுங்கள். சதாரா வீட்டில் துணி துவைத்த அக்காக்களின் உழைப்பு ஒரு தம்பி எழுதியதால்தான் நமக்குத் தெரிந்தது. எழுதத் தம்பி இல்லாத வீடுகளுக்கு நாம்தான் போக வேண்டும்.